வேஷமும் விரதமும்

சித்திரை மாதத்தில் கல்லணைக்குக் கீழே காவேரியைப் பார்ப்பவர்களுக்கு அது நதியாகத் தோன்றாது. இரு கரைகளுக்கும் நடுவே வெறும் மணற்பரப்பாகவே தோன்றும். வழக்கப்படி ஜனவரி 28-ந் தேதி மேட்டூர் அணை மூடப்பட்டால் ஜூன் 12-ந் தேதிதான் மறுபடியும் திறக்கப்படும். அந்த மணற்பரப்பை ஒட்டிச் செல்லும் சாலையில், சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை, நாமும் நம்முடைய நண்பர்கள் பதினொருவரும் கதர் வேஷ்டியும் கதர்க் குல்லாயும் தரித்துக் கோவிலடியிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு நடந்து சென்றோம். எங்களில் வக்கீல்கள் நால்வர், உபாத்தியாயர்கள் மூவர், மற்றவர்கள் வியாபாரிகளும் பென்ஷன் பெற்றவர்களும். எங்களை எந்தக் கட்சியும் அனுப்பவில்லை. எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரும் அவருடைய தொண்டர்களும் உப்பெடுப்பதற்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கால்நடையாகச் சென்றார்களே, அந்த வழியில் ஒரு காலைப் பொழுதாவது நாமும் நடந்து பார்ப்போம் என்பதே எங்கள் எண்ணம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பாதி வழியிலேயே நமது பாதம் கொப்புளித்துவிட்டது. தண்ணீர்ப் பாட்டில்களைச் சுமந்துகொண்டு பின்னால் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. நாம் அதில் ஏறிக்கொண்டோம். ஊர் எல்லைக்கு வந்ததும் இறங்கி, வெட்கமில்லாமல் முன்வரிசையில் போய் நின்றுகொண்டோம். அங்கேதான் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் நம்மைப் பெரிய தேசாபிமானி என்றே நினைப்பார்கள். அன்று மாலை வீடு திரும்பிய பிறகு, காலில் எண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தோம்: சரித்திரத்தை இப்படி மறுபடியும் நடித்துப் பார்ப்பதனால் யாருக்கு என்ன லாபம்? அந்த யோசனையின் பலனே இந்த வியாசம்.

மேனாட்டார் வழக்கம்

சென்றுபோன காலத்துச் சம்பவங்களை அக்காலத்து உடை, ஆயுதம், நடை பாவனைகளுடன் நடித்துக் காட்டுவது மேனாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1968-ல் ஸ்தாபிக்கப்பட்ட 'ஸீல்ட் நாட்' என்னும் சங்கத்தார், 17-ம் நூற்றாண்டில் சார்லஸ் மன்னனுக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த உள்நாட்டு யுத்தத்தை மைதானங்களில் நடித்து வருகிறார்கள். வாட்டர்லூ யுத்தத்தின் இருநூறாவது நினைவு 2015-ல் கொண்டாடப்பட்டபோது, நெப்போலியன் காலத்துச் சிப்பாய்களாக ஆயிரக்கணக்கானோர் பெல்ஜிய தேசத்து வயல்களில் அணிவகுத்தனர். இவர்கள் கூலிக்கு நடிப்பவர்கள் அல்லர். வாரம் முழுவதும் ஆபீசிலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சிப்பாயாகிறவர்கள். ஒரு பொத்தான் அந்தக் காலத்துப் பொத்தானா என்பதற்காக மாதக் கணக்கில் புஸ்தகங்களைப் புரட்டுகிறவர்களும் அவர்களில் உண்டு.

இதில் நன்மை இல்லையென்று நாம் சொல்லோம். புஸ்தகத்தில் 'படை நடந்தது' என்று ஒரே வரியில் படித்துவிடுகிறோம். முதுகில் சுமையுடன் பத்து மைல் நடந்தவனுக்குத்தான் அந்த வரியின் பாரம் தெரியும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கு சரித்திரத்தை விளக்குவது போலவே மறைக்கவும் வல்லது. இரண்டு திருஷ்டாந்தங்களைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் 1863-ல் பெரிய யுத்தம் நடந்தது. அதன் ஐம்பதாவது ஆண்டான 1913-ல், இரு தரப்பிலும் போர் புரிந்து உயிரோடிருந்த கிழவர்கள் ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் அங்கே கூடினார்கள். தென்னாட்டுச் சேனை பாய்ந்து சென்ற அதே வெளியில் தென்னாட்டுக் கிழவர்கள் மறுபடியும் நடந்து சென்று, கற்சுவருக்கு அப்பால் நின்ற வடநாட்டுக் கிழவர்களோடு கை குலுக்கிக்கொண்டார்கள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். சகோதரர்கள் ஒன்றுபட்ட காட்சிதான். ஆயினும் எந்த அடிமைகளின் பொருட்டு அந்த யுத்தம் மூண்டதோ, அந்த அடிமைகளின் சந்ததியார்க்குத் தென்னாட்டில் அப்போது வோட்டுரிமைகூட நிலைக்கவில்லை. அவர்களை மறந்துவிட்டதனால்தான் அந்தக் கைகுலுக்கல் அவ்வளவு சுலபமாயிற்று.

மற்றொன்று ருஷியாவில் நடந்தது. புரட்சியின் மூன்றாவது ஆண்டு நிறைவான 1920-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி, பெட்ரோகிராட் நகரத்து அரண்மனையைப் புரட்சிக்காரர் கைப்பற்றியதை அதே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் நடித்துக் காட்டினார்கள். உண்மையில் 1917-ல் நடந்ததைக் காட்டிலும் நடிப்பு பிரமாதமாக இருந்தது. அந்த நடிப்பின் படம் பிற்காலத்தில் உண்மைச் சம்பவத்தின் படமாகவே உலகெங்கும் உலவிற்று. வேஷம் முந்திக்கொண்டது, சரித்திரம் பின்தங்கிவிட்டது. திருக்காட்டுப்பள்ளி எல்லையில் காரிலிருந்து இறங்கி முன்வரிசையில் நின்ற நமக்கு, ருஷியரைக் குறை சொல்ல யோக்கியதை இல்லைதான்.

நமது நாட்டு வழக்கம்

இந்தப் பொழுதுபோக்கு நமக்குப் புதியதென்று எண்ணுவது தவறு. மேனாட்டார் சங்கம் அமைப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே நமது கிராமத்து ஜனங்கள் பாரதத்தை நடித்து வந்திருக்கிறார்கள். திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் படித்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, கடைசியில் படுகளத்தன்று துரியோதனனுடைய பெரிய உருவத்தை மண்ணால் அமைத்து, அதனருகே திரௌபதி கூந்தல் முடிக்கும் காட்சியை ஊரே கூடிக் காண்கிறது. பிறகு தீமிதி. தீயில் இறங்குபவன் நடிகன் அல்லன். காப்புக் கட்டிக்கொண்டு விரதமிருந்த குடியானவன்.

தஞ்சை ஜில்லா மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளாவையும் இங்கே சொல்ல வேண்டும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரிகள் இயற்றிய பிரஹ்லாத சரித்திரத்தை அங்கே ஆடுபவர்களும் தொழில் நடிகர் அல்லர். வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் அந்த நாட்களுக்கென்று ஊர் திரும்பி, பெண் வேஷங்களையும் ஆண்களே தரித்து, விடிய விடிய ஆடுகிறார்கள். நரசிம்ம வேஷம் தரிப்பவர் உபவாசமிருக்கிறார். அந்த முகமூடி வருஷம் முழுவதும் பூஜையில் இருப்பது.

இந்த இரண்டிலும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. வேஷத்துக்கு முன்னால் விரதம் இருக்கிறது. காப்புக் கட்டாதவன் தீயில் இறங்கலாகாது. உபவாசமில்லாதவன் சிங்கமுகத்தைத் தரிக்கலாகாது. நடிப்பவன் தன்னிடமிருந்து ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்று நமது பெரியோர் விதித்திருக்கிறார்கள். மேனாட்டான் பொத்தான் சரியா என்று கேட்கிறான். நமது கிராமத்தான் விரதம் சரியா என்று கேட்கிறான். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் உப்பு யாத்திரையை நடிப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1930-ல் நடந்தது

அப்போது உப்பு வரி மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாய். ஏழைக்கும் பணக்காரனுக்கும் வரி ஒன்றே. வெயிலில் உழைப்பவனுக்கோ உப்பு அதிகம் வேண்டும். மஹாத்மா காந்தி மார்ச் 12-ந் தேதி எழுபத்தெட்டுத் தொண்டர்களுடன் சபர்மதியை விட்டுப் புறப்பட்டு, ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13-ந் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனுடைய வீட்டிலிருந்து ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் புறப்பட்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து அன்றோடு பதினொரு வருஷம் ஆகியிருந்தது. வேதாரண்யம் சுமார் நூற்றைம்பது மைல். காவேரிக்கரை ஊர்களின் வழியாகத் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து, ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்கென்றே இயற்றிய பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். 30-ந் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் உப்பெடுத்துக் கைதாகி, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவருக்குப் பின் ஸ்ரீ கே. சந்தானமும், ஸ்ரீமதி ருக்மிணி லக்ஷ்மிபதியும், மற்றும் பலரும் சிறை சென்றார்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்த யாத்திரையின் சிறப்பு நடந்தவர்களிடம் மட்டும் இருந்ததென்று நாம் கருதவில்லை. அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராயிருந்தவர் ஜே. ஏ. தார்ன் என்னும் ஆங்கிலேயர். கூர்மையான புத்தியுடையவர். நடப்பவர்களை வழியில் அடித்துப் பிடித்தால் கூட்டம் பெருகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நடப்பவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் மேல் கையை வைத்தார். யாத்திரீகர்களுக்கு உணவோ இடமோ அளிப்பவர்கள் இந்தியன் பீனல் கோடு 157-வது பிரிவின்படி தண்டிக்கப்படுவார்கள் என்று விளம்பரம் செய்தார்.

அந்தப் பிரிவைப் பற்றி வக்கீல் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்கிறோம். சட்ட விரோதமான கூட்டத்தில் சேருவதற்காக அமர்த்தப்பட்டவர்கள் என்று தெரிந்தே ஒருவன் சிலருக்குத் தன் இடத்தில் புகலளித்தால், அவனுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது அதன் சாரம். கலகக் கும்பலுக்குக் கூலியாட்களைச் சேர்த்துப் பதுக்கி வைப்பவனை உத்தேசித்து எழுதப்பட்ட பிரிவு அது. கையில் தடியில்லாமல் நடந்து வருபவனுக்கு ஒரு பிடி சோறு போட்ட குடும்பஸ்தன் மேல் அதை ஏவியது, எலி வளைக்குப் பீரங்கி வைத்ததற்குச் சமானம். அந்தச் சட்டப் புஸ்தகமே 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் மறைந்து, அதன் ஸ்தானத்தில் பாரதீய நியாய ஸம்ஹிதை வந்துவிட்டது. ஆயினும் 1930-ல் அந்தப் பிரிவு உயிரோடிருந்தது. அதன் பல்லும் கூர்மையாகவே இருந்தது.

தஞ்சை ஜில்லா ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும்போது, உணவுப் பாத்திரங்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தை ஜாடையாகக் காட்டினார்கள். மரம் சோறு போட்டால் மரத்தின் மேல் எந்தப் பிரிவில் வழக்குத் தொடர்வது? வேறு சிலர் மறைவையும் நாடவில்லை. கும்பகோணத்தில் சட்டசபை அங்கத்தினராயிருந்த பந்துலு ஐயர் தம் வீட்டிலேயே தொண்டர்களுக்கு இடமளித்து விருந்து செய்து, அதற்காகச் சிறை புகுந்தார். திருத்துறைப்பூண்டியில் இடமளித்த ராமச்சந்திர நாயுடுவும் கைதானார். வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் க்ஷவரத் தொழிலாளி, சர்க்கார் சேவகர்களுக்கு க்ஷவரம் செய்ய மாட்டேனென்று மறுத்துச் சிறை சென்றார். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. நடந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். நடக்க வைத்தவர்களோ பல்லாயிரம் பேர். இதுவே அந்த யாத்திரையின் மர்மம்.

திருக்காட்டுப்பள்ளியில் கண்டது

இனி எங்கள் சிறிய யாத்திரைக்குத் திரும்புவோம். திருக்காட்டுப்பள்ளி காவேரியினின்று குடமுருட்டி பிரியும் இடத்தையடுத்த ஊர். தேவாரப் பாடல் பெற்ற ஸ்தலம். சர் சிவசாமி ஐயருடைய பெயர் தாங்கிய பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. கடைத்தெருவில் நாங்கள் நுழைந்ததும், எங்களில் ஒரு வக்கீல் நண்பர் கதர்க் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலின் மேல் ஏறிக் கலெக்டர் தார்ன் ஆகிவிட்டார். அந்த வேஷத்தை ஏற்க முதலில் ஒருவரும் சம்மதிக்கவில்லை; சீட்டுக் குலுக்கித்தான் அவர் அகப்பட்டார். 157-வது பிரிவைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்குச் சோறோ தண்ணீரோ இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் சிறை என்று உரக்கப் படித்தார்.

அந்தச் சமயத்தில், நீர்மோர்ப் பந்தலிலிருந்து ஒரு சிறுவன் தம்ளர்கள் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். விஷயம் நாடகமென்று அவனுக்குத் தெரியாது. தட்டோடு நடுத்தெருவில் நின்றுவிட்டான். எங்களையும் பார்த்தான், ஸ்டூலின் மேல் நின்றவரையும் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டோம். பந்தலில் இருந்த அம்மாள், "குடுத்துட்டு வா தம்பி, ஆறு மாசந்தானே, நான் போய்க்கிறேன்" என்றாள். கடைத்தெரு முழுவதும் சிரித்தது. ஆனால் கலெக்டர் வேஷம் போட்ட நண்பர் பிறகு நம்மிடம் சொன்னார்: "அந்தப் பையன் நின்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஸார். நான் ஒரு காகிதத்தைத்தானே படித்தேன்!" காகிதத்தைப் படித்தே இந்நாட்டை ஆண்டார்கள் என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது. கதர் தரித்து நடந்த எங்கள் பதினொருவரைக் காட்டிலும், வேண்டா வெறுப்பாகக் கலெக்டரான அவரே அதிகமாகக் கற்றுக்கொண்டார்.

இவ்வாறு எதிர்த்தரப்பு வேஷத்தை ஏற்பதனால் வரும் ஞானத்தை மேனாட்டார் சிலரும் அறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆர்கிரீவ் என்னுமிடத்தில் 1984-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளருக்கும் போலீஸாருக்கும் பெரிய கைகலப்பு ஏற்பட்டது. ஜெரமி டெல்லர் என்னும் கலைஞர் அதை 2001-ல் மறுபடியும் நடத்திக் காட்டியபோது, அன்று அடிபட்ட தொழிலாளர் சிலரே போலீஸ் உடை தரித்து நின்றார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில், 1946-ல் நீக்ரோ தம்பதிகள் இருவரை, அதாவது நான்கு உயிர்களை, வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. அக்கொடுமையை 2005 முதல் அந்த இடத்தில் நடித்துக் காட்டி வருகிறார்கள். முதல் வருஷத்தில் கொலைகாரர் வேஷத்துக்கு வெள்ளையர் கிடைக்கவில்லை. கறுப்பு மக்களே வெள்ளை முகமூடி தரித்து அதையும் நடித்தார்கள். பெருமைக்குரிய வேஷத்துக்கு எப்போதும் போட்டி; பாவத்தின் வேஷத்துக்கு ஆள் கிடையாது.

இல்லாத வேஷம்

அன்று எங்களுக்குக் காலை ஆகாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. இட்டலியும் பொங்கலும் காபியும் குறைவின்றி இருந்தன. சாப்பிட்டு வெளியே வந்தபோது, வேலிக்கு அப்பால் விவசாயக் கூலியாட்கள் சிலர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு முதியவர், கடைத்தெரு நாடகத்தை முழுவதும் பார்த்தவர், நம்மிடம் வந்து கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க ஐயா. இதுல எங்களுக்கு என்ன வேசமுங்க?"

நாம் முப்பது வருஷமாகப் படிக்கிறோம். இருபது வருஷமாகக் கோர்ட்டில் பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. எங்கள் வழிப்படத்தில் அவர் வசிக்கும் தெரு குறிக்கப்படவே இல்லை. சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நாங்கள் அதைக் கடந்துதான் வந்திருந்தோம். இத்தனைக்கும், ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் தொண்டர்கள் வழிநெடுகத் தீண்டாமைக்கு விரோதமாகப் பிரசாரம் செய்தவர்கள். தாழ்த்தப்பட்ட மக்களை அனுமதிக்காத கோயில்களுக்குள் தாமும் செல்ல மறுத்தவர்கள். குல்லாயின் மடிப்புச் சரியா என்று பார்த்த நாங்கள், இந்த விஷயத்தில் அவர்களைப் பின்பற்ற மறந்துவிட்டோம். 1913-ல் கெட்டிஸ்பர்க்கில் கிழவர்கள் செய்த தவறு நாங்கள் செய்ததைக் காட்டிலும் எந்த விதத்தில் பெரியது?

காவேரி ஜில்லாவின் சரித்திரத்தை நடிக்கப் புகுந்தவர்கள் உப்பு யாத்திரையோடு நின்றுவிட முடியாது. 1930-ல் தொண்டர்கள் நுழைய மறுத்த கோயில்களின் கதவு திறக்க மேலும் ஒன்பது வருஷம் ஆயிற்று. 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஸ்ரீ வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற பிறகுதான் சட்டமும் வந்தது. பண்ணையாளுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்க 1952 ஆயிற்று. அதற்குப் பிறகும், 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவில், அப்போதைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதன் தொடர்ச்சியாக, குடிசைக்குள் தஞ்சம் புகுந்த நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டு மாண்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். அதை நடித்துக் காட்டவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த நினைவிடத்தில் வருஷந்தோறும் கூடும் மக்கள் தங்களுக்கு உகந்த முறையில் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆனால் நமக்குப் பெருமை தரும் நாட்களையே பொறுக்கி எடுத்து நடித்துக்கொண்டிருந்தால், அது சரித்திரப் பயிற்சி ஆகாது, சுயபுகழ்ச்சி ஆகும்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு செல்லும் வழியில் திருப்பூந்துருத்தி இருக்கிறது. ஞானசம்பந்தர் பல்லக்கில் அவ்வூருக்கு எழுந்தருளியபோது, அப்பரைக் காணாமல் எங்கேயிருக்கிறார் என்று கேட்டாராம். பல்லக்குச் சுமப்பவர்களுள் ஒருவராகத் தாமே கீழே இருப்பதாக அப்பர் மறுமொழி சொன்னார் என்று பெரிய புராணம் கூறுகிறது. சம்பந்தர் பதறிக் கீழே இறங்கினார். எழுபது மைல் நடந்தாலும் நூற்றைம்பது மைல் நடந்தாலும், தன்னைச் சுமப்பவன் யார் என்று கேட்காத யாத்திரை பாதி யாத்திரைதான். அன்றைய கூலியாளின் கேள்வி, பல்லக்கின் அடியிலிருந்து வந்த குரலாகவே நமக்குக் கேட்டது.

செய்ய வேண்டியது

குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. உப்பு யாத்திரையை நினைவுகூரும் வழக்கம் நமது நாட்டில் உயிரோடிருக்கிறது; இருக்கவும் வேண்டும். தண்டி யாத்திரையின் எழுபத்தைந்தாவது ஆண்டான 2005-லும், மறுபடியும் 2021-லும், சபர்மதியிலிருந்து தண்டி வரை நடந்தார்கள். வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூணருகே ஏப்ரல் 30-ந் தேதி தோறும் உப்பெடுக்கும் விழா நடைபெற்று வருகிறது. நம்மைப் போல் சொந்த விருப்பத்தால் நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும், நாம் பட்ட வெட்கத்திலிருந்து கற்ற சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, விரதம். குல்லாய்க்கு முன்னால் விரதம் வேண்டும். பின்னால் கார் வரக்கூடாது. ஒரு நாளைக்குச் சுமார் பத்து மைல் வீதம் அவர்கள் நடந்தார்கள். முடியாதவர் ஐந்து மைல் நடக்கட்டும், ஆனால் ஐந்தையும் காலால் நடக்கட்டும். தம் தண்ணீரைத் தாமே சுமக்கட்டும்.

இரண்டாவது, சோறு போடுகிறவர் வேஷம். யாத்திரையில் உயர்ந்த வேஷம் அதுவே. மண்டபத்தில் பணம் கட்டிச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, சாலையோரத்துக் குடும்பங்களிடம் முன்கூட்டியே சென்று, 1930-ல் இந்த வழியில் சோற்றுக்கு என்ன தண்டனை இருந்தது என்பதைச் சொல்லி, அவர்கள் இஷ்டப்பட்டால் ஒரு பொட்டலம் மரத்தில் கட்டச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த சரித்திர பாடம் கிடையாது. பொட்டலம் கட்டிய குழந்தை தேர்வுக்காகப் படித்ததை மறந்தாலும் இதை மறக்காது.

மூன்றாவது, கலெக்டர் வேஷத்தையும் போலீஸ் வேஷத்தையும் சீட்டுக் குலுக்கிப் போடாமல், முறை வைத்துக்கொண்டு எல்லோரும் ஏற்க வேண்டும். அதிகாரம் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு தடவை அனுபவிக்க வேண்டும். இன்று நமது கையிலேயே அதிகாரம் இருக்கிறபடியால் இந்தப் பாடம் முன்னிலும் அவசியம்.

நான்காவது, சொன்னதை உண்மையாகச் சொல்ல வேண்டும். நடந்த இடத்தில் நடந்ததாகவும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் பிரித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோகிராட் படத்தின் கதைதான் நமக்கும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. யாத்திரை ஊருக்குள் நுழைந்தால் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். வழிப்படம் போடும்போதே, சேரித் தெருவாருடன் உட்கார்ந்து போட வேண்டும். அங்கே ஒரு வேளை சாப்பிட வேண்டும். அங்குள்ளவர்களுக்கு இஷ்டமானால் யாத்திரைக்கு அவர்களே தலைமை தாங்க வேண்டும். ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் வேஷம் வக்கீலுக்கென்றே எழுதி வைத்திருக்கிறதா என்ன? அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளும்போது, ஒரு கைப்பிடி அள்ளிப் படம் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல், வருஷம் முழுவதும் உப்பளத்து வெயிலில் கால் வைத்து நிற்கும் தொழிலாளியிடம் அவருடைய கூலியையும் கண்ணையும் பாதத்தையும் பற்றி விசாரிக்க வேண்டும். உப்பு வரி 1947-ல் ஒழிந்துவிட்டது. உப்பளத்து வெயில் ஒழியவில்லை.

வரும் சித்திரையிலும் நாம் நடக்கவிருக்கிறோம். இந்தத் தடவை கார் கிடையாது. புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே திருக்காட்டுப்பள்ளிக்குச் சென்று, வேலிக்கு அப்பால் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெரியவரைத் தேடிப் பிடிக்க உத்தேசம். எங்களுக்கு என்ன வேஷம் என்று அவர் கேட்டார். அவர் எந்த வேஷத்தை விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்டுக்கொண்டு, மிகுந்த வேஷங்களில் நமக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.